மகளிர் உடற்கட்டுப் போட்டி: உடலுக்கு வரும் ஆபத்தும் சட்டம் தரும் காப்பும்

மகளிர் உடற்கட்டு என்பது எடைப் பயிற்சியால் தசையைத் திரட்டி, உணவுக் கட்டுப்பாட்டால் தோலடிக் கொழுப்பைக் கரைத்து, அப்படி உருவான உடலை மேடையில் நடுவர்கள் முன் நிறுத்திக் காட்டும் போட்டி. எத்தனை கிலோ தூக்க முடியும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தசையின் திரட்சி, உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும் அளவு, போஸ் கொடுக்கும் நேர்த்தி ஆகியவற்றுக்கே மதிப்பெண். இதன் பெரிய உலக மேடையான மிஸ் ஒலிம்பியா 1980ல் தொடங்கியது; முதல் பட்டத்தை அமெரிக்காவின் ரேச்சல் மெக்லிஷ் வென்றார். இந்தியாவில் மணிப்பூரின் மமோதா தேவி யும்நாம், சரிதா திங்பைஜாம் போன்றோர் பன்னாட்டு மேடைகளில் ஏறிய பிறகே இத்துறை பேசப்பட்டது. தமிழ்நாட்டில் 2021ல் வாணியம்பாடிப் பக்கத்துச் சங்கீதா, இரு குழந்தைகளின் தாயாக, தினக்கூலி வேலைக்கு நடுவே, 35 வயதில் தென்னிந்தியப் போட்டியின் மகளிர் பிரிவில் தங்கம் வென்றார்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் போன்ற ஊரிலிருந்து இதற்கு முயலும் பெண், போட்டிக்கேற்ற கருவிகள் உள்ள ஜிம்மைத் தேடி மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும். அங்கே கோச் என்ற ஒருவரே பயிற்சி தருவார், டயட் எழுதுவார், புரோட்டீன் டப்பா விற்பார், சில இடங்களில் ஊசியும் போடுவார், போட்டிக்குப் பெயர் கொடுத்துப் பணமும் வாங்குவார், மேடைப் படங்களைத் தன் பக்கத்தில் பதிவிடுவார். இத்துறையில் பெண்களுக்கு நேரும் தீங்குகளில் பெரும்பகுதி இந்த ஒற்றைக் கையிலிருந்தே தொடங்குகிறது. சட்டமோ இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விதியும் தனிப் புகார் வழியும் வைத்திருக்கிறது.

எடை தூக்கினால் பெண் ஆணைப் போல ஆகிவிடுவாள் என்ற பேச்சுக்கு அறிவியலில் ஆதாரமில்லை. வளர்ந்த ஆணின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 300 முதல் 1,000 நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 70 வரைதான். பயிற்சி இந்த இடைவெளியை நிரப்பாது. எலும்பு உறுதிக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் எடைப் பயிற்சி நல்லது. ஆபத்து வருவது போட்டிக்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில், ‘கட்டிங்’ எனப்படும் கொழுப்புக் கரைப்புக் காலத்தில்.

பெண்ணுடல் இயங்குவதற்கே சுமார் 12 விழுக்காடு கொழுப்பு தேவை என்கின்றன உடலியல் நூல்கள். மேடை நாளில் பலர் அதை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்து நிற்கிறார்கள். உடற்பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரியாவது நாள்தோறும் மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கீழ்வரம்பு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 44 கிலோ என்று கொண்டால், 1,320 கலோரி மிஞ்ச வேண்டும். பயிற்சியில் 400 கலோரி எரிந்தால் சாப்பிட வேண்டியது 1,720. வாட்ஸ்அப்பில் சுற்றும் 800 கலோரி டயட் சார்ட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டாலே அதன் தரம் விளங்கிவிடும்.

பற்றாக்குறை நீடித்தால் மூளையின் ஹைபோதாலமஸ் சூலகத்துக்குப் போகும் சமிக்ஞையைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, மனநிலையும் நோய் எதிர்ப்பும் தளர்கின்றன. 2014ல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தத் தொகுப்புக்கு ஒரு நோய்ப்பெயரே வைத்தது. ஜிம்களிலோ மாதவிடாய் நிற்பதை ‘பாடி ரெடியாகுது’ என்று பாராட்டும் வழக்கம் இருக்கிறது. இதைவிட ஆபத்தான பாராட்டு இத்துறையில் வேறில்லை. கருவுற்றிருக்கவில்லை என்று உறுதியான பின்னும் மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் போட்டித் தேதியைத் தள்ளிவைத்து மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதே முறை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான பிரிவு உண்டு. ரத்தசோகையையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே உள்ள நிலையில் கட்டிங் தொடங்குவது ஏற்கெனவே உள்ள நோயை வளர்ப்பதாகும்.

கடைசி வாரத்தில் தண்ணீரையும் உப்பையும் நிறுத்தி, நீர் பிரிக்கும் மாத்திரை போட்டுத் தசைக்கோடுகளை எடுப்பாகக் காட்டுவதை ‘வாட்டர் கட்’ என்கிறார்கள். ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகள் தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுவதால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 1992ல் நெதர்லாந்தில் பட்டம் வென்ற சில மணி நேரத்தில் முகமது பெனாசிசா என்ற தொழில்முறை வீரர் இறந்தது இப்படித்தான். மேடைக்குப் பின்னால் கெண்டைக்கால் இழுப்பு, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். என்ன மாத்திரை போட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

ஊக்கமருந்துகளில் பெண்களை அதிகம் கெடுப்பவை அனபாலிக் ஸ்டீராய்டுகள். ஸ்டானசோலால், ஆக்சாண்ட்ரோலோன் ஆகியவை ‘பெண்களுக்கு லேசானவை’ என்று சொல்லி விற்கப்படுகின்றன. முகத்தில் முடி, முகப்பரு, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை மருந்தை நிறுத்தினால் ஓரளவு குறையலாம். தடித்த குரலும் பெரிதான பெண்குறிக்காம்பும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதை முன்கூட்டிச் சொல்லாமல் மருந்து கொடுப்பவர் நம்பிக்கைக்கு உரியவரல்லர். கொழுப்பு கரைக்கவென்று தரப்படும் கிளென்பியூட்டரால் இதயத்தைப் பதைக்க வைக்கும். அறுவை சிகிச்சையில் ரத்த அழுத்தம் இறங்கினால் போடும் மெஃபென்டெர்மின் ஊசி, தசை விம்மித் தெரியும் ‘பம்ப்’ வருவதற்காக ஜிம்களில் கைமாறுகிறது. ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றும். இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குற்றம். ஜிம்முக்கு மருந்து விற்கும் உரிமமே கிடையாது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாத பெண்ணும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கலாம். சூலக நீர்க்கட்டிக்கு மகப்பேறு மருத்துவர் எழுதும் ஸ்பைரனோலாக்டோன் நீர் பிரிக்கும் மருந்து என்பதால் தடைப்பட்டியலில் இருக்கிறது. குழந்தைப்பேறு சிகிச்சையில் தரப்படும் லெட்ரோசோலும் குளோமிஃபீனும் அப்படியே. இவை உண்மையிலேயே தேவைப்பட்டால் மருத்துவக் காரண விலக்குக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க உரிமை உண்டு. கோயில் திருவிழாவையும் கல்யாணத்தையும் முன்னிட்டு மாதவிடாயைத் தள்ளிப்போடப் பல வீடுகளில் சாதாரணமாகப் போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் சோதனையில் குழப்பம் தரக்கூடியது என்பதால் மாதிரி கொடுக்கும்போது படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் 2022ல் வந்தது. நாடா எனப்படும் தேசிய முகமை எடுக்கும் சோதனையில் சிறுநீர் மாதிரி கொடுப்பதைப் பெண்ணிடம் பெண் அலுவலர் மட்டுமே பார்க்கலாம். முதல் மாதிரியில் மருந்து தென்பட்டால் இரண்டாம் மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம். ஒழுங்குக் குழு முன் விசாரணையும் அதன் பின் மேல்முறையீடும் உண்டு. தன் உடலில் என்ன இருக்கிறதோ அதற்குப் போட்டியாளரே பொறுப்பு என்பதால், ‘கோச் கொடுத்தார், தெரியாது’ என்ற பதில் குற்றத்தை நீக்காது. ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு முதல் முறையே நான்கு ஆண்டுத் தடை வரலாம். மருந்தைக் கொடுத்தவருக்கு அது வாழ்நாள் தடையாகவும் நீளும். அவரைப் பற்றிய தகவலை ஆதாரத்தோடு தரும் போட்டியாளரின் தண்டனை குறையவும் விதியில் இடமிருக்கிறது.

புரோட்டீன் பவுடர் உணவுப் பொருள், மருந்து அன்று. அதில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதில்லை. டப்பாவில் ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். இல்லாததையும், சீல் உடைந்ததையும், பிரித்துப் பொட்டலமாகத் தருவதையும் வாங்கக் கூடாது. எண் இருந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை: 2024ல் வெளியான கேரள மருத்துவர்களின் ஆய்வொன்றில், சோதித்த 36 புரோட்டீன் தயாரிப்புகளில் சுமார் 70 விழுக்காட்டில் லேபிளில் எழுதிய புரத அளவு சரியாக இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீல்மேக்கரில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் இருப்பதையும், கடற்கரை ஊர்களில் நெத்திலியும் சாளையும் கிடைப்பதையும் பார்த்தால், பெரும்பாலான பெண்களுக்கு டப்பா கட்டாயமில்லை. கலப்படப் புகாரை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

போஸ் திருத்தவும் ஸ்குவாட்டில் முதுகைத் தாங்கவும் கோச் உடலைத் தொட நேரும். எங்கே, எதற்காகத் தொடப்போகிறார் என்று முன்பே சொல்லிச் சம்மதம் கேட்பது நல்ல பயிற்சியின் அடையாளம். அதை மீறினால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. பயிற்சிக்கும் போட்டிக்கும் பயன்படும் விளையாட்டு நிறுவனம், அரங்கம், வளாகம் எல்லாம் அச்சட்டத்தில் ‘பணியிடம்’. அங்கே சம்பளம் வாங்காத பெண்ணும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்காது; மதுராந்தகம் போன்ற ஊர்களின் சிறு ஜிம்கள் இந்த வகையில்தான் வரும். அப்போதும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்கு 90 நாள் கெடு. இதோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் வழக்குப் பதியலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும், 1098ல் உதவி கேட்கலாம். பெரியவர்களுக்கு 181.

மேடை உடை சிறியது என்பதால் அந்தப் பெண்ணின் படம் யாருக்கும் பொதுச்சொத்தாகிவிடாது. உடை மாற்றும் இடத்தில் ஒளிந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆபாசமாகத் திரித்த படங்களையும் அந்தரங்கப் படங்களையும் நீக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர் கேட்டால், சமூக ஊடக நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. இணையக் குற்றத்துக்கான எண் 1930. நீக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பலர் அவசரத்தில் தவறவிடுவது இதைத்தான்.

கடைசியாகப் பணமும் சான்றிதழும். நாட்டில் உடற்கட்டுச் சங்கங்கள் பல. ஒரே பட்டப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகள் நடக்கின்றன. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் உடற்கட்டு இருக்கிறது. 2020ல் அப்பட்டியல் 43லிருந்து 63 ஆட்டங்களாக விரிந்தது. ஆனால் பதக்கம் ஏற்கப்படுமா என்பது அதை வழங்கிய சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குத் தனி விதிகள் இருப்பதால், நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் எதுவானாலும் ரசீது வேண்டும். ஆண்டுச் சந்தா, ஆன்லைன் கோச்சிங் பேக்கேஜ் எல்லாமே நுகர்வோர் சேவைதான். சொன்ன பயிற்சி கிடைக்காவிட்டால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915, தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவைப்பட்டால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் எல்லாப் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச உதவி உண்டு. அதற்கு 15100ஐ அழைக்கலாம்; அல்லது செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், டயட் சார்ட், வாட்ஸ்அப் செய்தி, ரசீது, காலி மருந்துக் குப்பி என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்து மனுக் கொடுக்கலாம்.