டீத் தண்ணியில் பழசான புதுப் பனியன்

பிளஸ் டூ முடித்த என் மகள், "சினிமாவுல செட்டுக்குப் பொருள் அடுக்கி வைக்கிற வேலை கத்துக்கறேம்மா" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் நான். "பொம்பளப் புள்ளைக்கு சினிமாவெல்லாம் வேண்டாம் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் எங்கள் லைன் வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. ஆர்ட் டைரக்டரின் உதவியாளராக வந்ததே ஒரு பெண்! என் மகள் அவர் கூடவே நின்றாள். புத்தம்புதுப் பனியனை டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்து, கழுத்துப் பட்டியை உப்புத்தாளால் தேய்த்தார்கள். அஞ்சு வருஷம் போட்டுக் கிழிந்தது மாதிரி ஆகிவிட்டது! ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து, அடுத்த ஷாட்டில் டம்ளர் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 'அட, இதுவும் நம்ம செக்கிங் வேலைதானே' என்று தோன்றியது.

'நாயகன்' (1987) படத்தில் வரும் தாராவி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட் என்றும், அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது என்றும் அந்தப் பெண் சொன்னார். இத்தனை வருஷமும் அதை நிஜ பம்பாய் என்றல்லவா நம்பியிருந்தேன்!

"வேலை நேரம், தங்குற இடம், சம்பளம் மூணையும் நானே விசாரிக்கறேன். சரியா இருந்தா போ" என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பயம் முழுசாகப் போகவில்லைதான். ஆனாலும் தோழிகளே, பிள்ளை ஆசைப்படும் வேலையை வேண்டாம் என்பதற்கு முன், ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருப்பூர்.