இருக்கை நமது, வாக்கு எவருடையது? எம்.சி.ராஜாவின் சட்டமன்ற வாழ்வு

சைதாப்பேட்டையிலுள்ள அரசு ஆதிதிராவிடர் கல்லூரி மாணவர் விடுதி எம்.சி.ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரை அறிந்த மாணவர்கள் பலர். சட்டமன்றங்களில் அவர் கழித்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்த பாடத்தை அறிந்தோர் சிலரே.

1883இல் பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய ராஜா, இரட்டையாட்சி முறையின்கீழ் அமைந்த முதல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களுக்கு மாற்றாக அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்', 'ஆதி ஆந்திரர்' என வழங்கவேண்டும் என்று 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் அரசாணையாயிற்று. புளியந்தோப்புக் கலவரத்தையொட்டி நீதிக்கட்சித் தலைமையோடு முரண்பட்ட அவர், 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். 1927 முதல் மத்திய சட்டசபையில் பத்தாண்டுகள் பணியாற்றினார்.

1932இல் அம்பேத்கர் தனித்தொகுதி வாக்குரிமை கோரியபோது, ராஜா மூஞ்சேவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு கூட்டு வாக்காளர் முறையை ஆதரித்தார். அம்முறையின் விலையை 1938இல் அவரே கண்டார். பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் அவரது மசோதா சட்டமாயிற்று. ஆனால் மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு மசோதாவைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் இராஜாஜி கேட்டார். ராஜா மறுத்தார், மசோதா தோற்கடிக்கப்பட்டது. தனி இருக்கைகளில் வென்ற காங்கிரஸ் உறுப்பினர்களும் கட்சியின் நிலைப்பாட்டையே பின்பற்றினர். அம்பேத்கர் பின்னர் இந்நிகழ்வையே பூனா ஒப்பந்தத்தின் குறைபாட்டுக்குச் சான்றாகக் காட்டினார். 1942இல் கிரிப்ஸைச் சந்தித்தபோது ராஜா அம்பேத்கரின் பக்கத்தில் இருந்தார்.

1943இல் ராஜா மறைந்தார். மயிலாப்பூர் உட்பட மாகாணத்தின் கோயில்களை அனைவருக்கும் திறக்கும் பொதுச்சட்டம் 1947இல்தான் வந்தது.

இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உரியவை. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். அன்று கட்சிக் கட்டுப்பாடாக இருந்தது, இன்று சட்டக் கட்டுப்பாடாகவும் ஆகிவிட்டது.

எனவே, எத்தனை இருக்கைகள் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அவர் அவையில் வாய்திறக்க எவருடைய இசைவு வேண்டும்? ராஜாவின் வாழ்வு நம்முன் வைக்கும் வினாக்கள் இவையே. விடை காணும் பொறுப்பு நம்முடையது.