ஷெட்டில் நிற்கும் கேரவன்... வாடகைக்கு விடலாமா, விற்றுவிடலாமா? ஒரு கோவைக் குடும்பத்தின் கணக்கு!

கோவை துடியலூர் பக்கம், தகர ஷெட் ஒன்றில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது அந்த வண்டி. தார்ப்பாயை விலக்கினால் பழைய டிராவலர் வேன். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன வீடு. மடக்குக் கட்டில், ரெட்டை அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஓரத்தில் கழிவறை. குழாய்த் திருகுகூட கடையில் வாங்கியது இல்லை, சொந்த லேத்தில் கடைந்தது.

கட்டியவருக்கு இப்போது 66 வயது. பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தவர், 2019-ல் அதை விற்றார். கம்பெனி ஒன்று ஓட்டிக்கொண்டிருந்த 2015 மாடல் வேனை வாங்கி, உள்வேலைகள் எல்லாம் சேர்த்து 15 லட்ச ரூபாய் செலவழித்தார். ஆர்.டி.ஓ-விடம் முன்அனுமதி வாங்கி, ஆர்.சி-யில் 'கேம்பர் வேன், சொந்த உபயோகம்' என்று முறையாகவும் பதிந்துவிட்டார். வண்டி தயாரானது 2020 பிப்ரவரியில். அடுத்த மாதம் ஊரடங்கு!

“அப்பவே சகுனம் சொல்லியிருக்கு, நாங்கதான் கேக்கலை” என்று சிரிக்கிறார் அவர் மனைவி. பெயரும் படமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள், கணக்கை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

முதல் பயணம் 2021 ஜனவரியில், தனுஷ்கோடிக்கு. பிறகு ஹம்பி, கோகர்ணா, காரைக்குடி, வால்பாறை. கோயில் வாசல், பெட்ரோல் பங்க், தெரிந்தவர்கள் தோட்டம் என்று கிடைத்த இடத்தில் ராத்தங்கல். எங்கே தங்கினோம், என்ன சமைத்தோம், எவ்வளவு டீசல் என்று எல்லாவற்றையும் 80 பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார் அந்த அம்மா. குடும்பத்தில் இப்போது நடக்கும் விவாதத்துக்குக் காரணமே அந்த நோட்டுதான்.

அதன்படி, 2021-ல் வண்டியில் தூங்கியது 34 ராத்திரி. 2022-ல் 38. 2023-ல் 15. 2024-ல் 6. போன வருஷம், அதாவது 2025-ல், வெறும் 5.

ஆசை குறைந்ததால் குறையவில்லை. வண்டியின் படி உயரம், அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு, எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் கூசுகிறதாம். ராத்திரியில் ஓட்டுவதில்லை. வீட்டில் 88 வயதில் அவரது தாயார். இரண்டு பேரும் சேர்ந்து நாலு நாள் கிளம்புவதென்றால், யாராவது வந்து பாட்டியுடன் இருக்க வேண்டும். இதில் எதுவும் அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று சொல்கிற விஷயம் இல்லை. ‘வெயில் தணியட்டும், மழை முடியட்டும்’ என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

ஒரு ராத்திரி 39,000 ரூபாய்!

கணக்கைத் திறந்தவர் மகள். சென்னையில் வேலை பார்ப்பவர், பொங்கலுக்கு வந்திருந்தார். “அப்பா, இது நிக்கறதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு என்னைக்காவது கூட்டிப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

இன்ஷூரன்ஸ் 32,000. ஷெட் வாடகை மாதம் 2,500 என்று வருஷத்துக்கு 30,000. சும்மா நின்றாலும் சாகும் பேட்டரிகளுக்கு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவைப் பிரித்துப் பார்த்தால் 15,000. சர்வீஸ், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய டீசல், எலி கடித்த வயர் என்று 18,000. ஆக 95,000. வண்டியின் மதிப்பு குறைவதை வருஷத்துக்கு 1 லட்சம் என்று வைத்தால், மொத்தம் 1,95,000 ரூபாய்.

2022-ல் தங்கிய 38 ராத்திரியால் வகுத்தால், ஒரு ராத்திரிக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம். சுமாரான ஹோட்டல் ரூம் வாடகைதான், நியாயம். 2025-ன் 5 ராத்திரியால் வகுத்தால் 39,000.

“ஊட்டியில பெரிய ஓட்டல்லயே சூட் எடுத்துத் தங்கலாமேப்பா” என்றார் மகள். ஐயா பதில் பேசவில்லை. அன்று சாயந்திரம் தனியாகப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு வந்தாராம்.

வீட்டில் கேரவனோ, இரண்டாவது காரோ நிற்கிறதென்றால் முதலில் போட வேண்டியது இந்த வகுத்தல்தான். வரப்போகும் வருஷம் எத்தனை நாள் ஓட்டுவோம் என்ற ஆசைக் கணக்கு உதவாது. போன வருஷம் எத்தனை நாள் ஓட்டினோம் என்பதுதான் வகுக்கும் எண்.

வால்பாறை போன 24,000

விற்க மனமில்லாதவர்களுக்கு அடுத்து வரும் யோசனை வாடகை. மருமகன் சொன்னதும் அதையேதான்: “மாமா, ஒரு நாளைக்கு எட்டாயிரம்னா குடுக்க ஆள் இருக்கு. வண்டியும் ஓடும், பணமும் வரும்.” தெரிந்தவருக்குத் தெரிந்த ஐந்து இளைஞர்கள், 3 நாளுக்கு 24,000 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டு வால்பாறை கிளம்பினார்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கியபோது இடதுபக்கம் முழுக்கப் பாறையில் தேய்த்துவிட்டது. கண்ணாடி போச்சு, ஜன்னல் ஃபிரேம் வளைந்தது. கழிவறைத் தொட்டியை எப்படி எடுத்துக் காலி செய்வது என்று சொல்லிக்கொடுத்தும் யாரும் செய்யவில்லை. அந்த வண்டியைக் கழுவ ஆள் கிடைக்காமல் ஐயாவே கழுவினார். ரிப்பேர் செலவு 31,000.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால், தனியார் வாகன பாலிசியில் 'லிமிடேஷன்ஸ் அஸ் டு யூஸ்' என்று ஒரு பத்தி வரும். வாடகைக்கோ, கட்டணம் வாங்கிக்கொண்டோ ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்பது அதன் சாரம். பாலிசியைப் புதுப்பிக்கும் பலர் வாசிக்காமல் விடும் பத்தி அது. பாறையில் தேய்த்ததோடு போனது, யார் மேலும் இடிக்கவில்லை. உயிர்ச்சேதம் ஆகியிருந்தால் நஷ்டஈட்டுச் சுமை உரிமையாளர் தலையில் விழுந்திருக்கலாம். பட்டறை விற்ற மீதிப் பணமும், குடியிருக்கும் வீடும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

சட்டமும் இதில் கறாராகவே இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி, முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. ‘நண்பருக்குச் சும்மா கொடுத்தேன்’ என்று சொல்லிவிடலாம்தான். ஜிபே-யில் வந்த 24,000 அப்படிச் சொல்லாது.

சரி, முறையாகவே வாடகைக்கு விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் ஒற்றை வண்டிக்காரருக்கு அது குறுகலான வழி. ஓட்டுபவரிடமே சாவியைக் கொடுக்கும் 'செல்ஃப் டிரைவ்' தொழிலுக்கான 1989-ம் வருஷத்து ரென்ட் ஏ கேப் திட்டம், உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 வண்டிகளை எதிர்பார்க்கிறது. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்தோடு ஓடும் கார்கள் இந்த வகை. டிரைவரோடு வாடகைக்கு விடுவதென்றால், ஆர்.சி-யை வணிக வாகனமாக மாற்றி, மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., அவசர பட்டனோடு ஜி.பி.எஸ். கருவி, வணிக இன்ஷூரன்ஸ் என்று வரிசையாக வாங்க வேண்டும். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். இந்த வண்டி 2015 மாடல்.

மகள் அதையும் விடாமல் கூட்டினார். நாள் வாடகை 8,000-ல் டிரைவர் சம்பளம், படி, சுத்தம் செய்யும் கூலி, தேய்மானம் போக 5,000 நின்றால், வருஷத்துக்கு 39 நாள் ஓடினால்தான் இப்போதைய 1,95,000 அடைபடும். மஞ்சள் போர்டின் கூடுதல் செலவுக்கு அதற்கு மேலும் ஓட வேண்டும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் தண்ணீர் நிரப்பி, தொட்டி காலி செய்து, படுக்கை விரிப்பு துவைத்து, ராத்திரி 11 மணிக்கு ‘சார், கேஸ் பத்த மாட்டேங்குது’ என்று வரும் போனை எடுக்க வேண்டும். அதெல்லாம் யார் செய்வது?

“இது சம்பாத்தியம் இல்லைங்க, இன்னொரு பட்டறை. அதை வித்துட்டுத்தானே இதை வாங்கினேன்” என்கிறார் ஐயா.

வயதில் இளையவர்கள், டிராவல்ஸ் தொழில் தெரிந்தவர்கள், ஏற்கெனவே மஞ்சள் போர்டு வண்டிகளும் டிரைவர்களும் வைத்திருப்பவர்கள் என்றால் விடை வேறாக வரலாம். கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமனில் கேரவன் பூங்காவும் வந்துவிட்டது. சினிமா யூனிட்டுகளுக்குத் தேவை எப்போதும் உண்டு. வண்டி ஓடும் தொழிலில் இருப்பவருக்கு அது சொத்து. ஓய்வெடுக்க வாங்கியவருக்கு, வாடகைக்கு விட்ட நாளிலிருந்து ஓய்வு போய்விடுகிறது.

விற்பதிலும் ஒரு கண்ணி

கேரவனை விற்பது கார் விற்பது மாதிரி இல்லை. நிலையான சந்தை விலை கிடையாது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. தொகை ஓர் அடையாளம், அவ்வளவுதான். உள்ளே போட்ட தேக்குப் பலகைக்கும் லேத்தில் கடைந்த திருகுக்கும் யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. வாங்க வருபவர் முதலில் கேட்பது, ஆர்.சி. இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்பதைத்தான். தனியார் வாகனப் பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பிறகு தகுதி பார்த்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2030 வரை. ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடும்போதும் அந்த எண் ஒன்று குறைகிறது.

சென்னையிலிருந்து வந்த ஒருவர் 7 லட்சம் என்றார். திருச்சூரிலிருந்து ஓர் இளம் தம்பதி, இரண்டு குழந்தைகளோடு வந்து, மடக்குக் கட்டிலில் குழந்தைகளைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு 8 லட்சத்து 25 ஆயிரம் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. “குழந்தைங்க இறங்கவே மாட்டேன்னுடுச்சுங்க.”

ஆனால், அவர்கள் கேட்டது: பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், வண்டியை இப்போதே எடுத்துப் போகிறோம், பெயர் மாற்றத்தை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கேரளாவுக்கு மாற்றினால் அங்கே வரி கட்ட வேண்டும், அதனால் இந்த அவகாசம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வழக்கில், விற்றுப் பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கியது. ஆர்.சி-யில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அவர்தான், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பும் அவரே என்றது தீர்ப்பு.

அதனால், படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, விற்றதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் விற்பவருக்கு 14 நாள், வாங்குபவருக்கு 30 நாள் கெடு. வேறு மாநிலத்துக்குப் போகிறதென்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். ஃபாஸ்டேகை மூட மறந்தால், வாளையாறு டோலில் கழிவது உங்கள் கணக்கிலிருந்துதான். க்ளெய்ம் செய்யாமல் சேர்த்து வைத்த 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. சான்று வாங்கி வைத்தால், 3 வருஷத்துக்குள் வாங்கும் இன்னொரு வண்டிக்குப் பயன்படுத்தலாம். வால்பாறைச் செலவைக் கையிலிருந்து போட்டதில் அந்த போனஸ் தப்பியது. ஒரே லாபம்!

“என்.ஓ.சி. வந்தப்புறம்தானுங்க சாவி” என்று திருச்சூர்காரரிடம் சொல்லிவிட்டார் ஐயா. முதலில் முகம் சுருங்கியவர், 50,000 முன்பணம் அனுப்பியிருக்கிறார்.

விற்கும் பணத்தில் அம்மாவின் ஒரு முழங்கால் ஆபரேஷனுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை வங்கியில் போடுவதாகத் திட்டம். அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒரு டூர், டிரைவர் வைத்த காரில், படி ஏறாத இடமாகப் பார்த்து. “அவங்க நடக்க ஆரம்பிச்சா ஹம்பிக்கு மறுபடியும் போகணும், இந்தத் தடவை ரூம் போட்டு” என்கிறார் ஐயா.

நோட்டில் இதுவரை 98 ராத்திரி. நூறாக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. பரம்பிக்குளம் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறதாம். “ஏனுங்க, முன்பணம் வாங்கியாச்சு, இன்னொரு தரம் பாறையில தேய்ச்சா யார் கட்டறது?” என்று அம்மா மறுத்துவிட்டார்.

என்.ஓ.சி. வரும்வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரித் தண்ணீர் பார்த்துவிட்டுத் தார்ப்பாயை மூடுகிறார் ஐயா. குழாய்த் திருகுகளை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவிட்டார். அவற்றோடுதான் விலை பேசியிருக்கிறது.