மஞ்சள் விளக்கு சொன்ன சேதி

போன மாதம் எங்கள் மாமா புதுசாக டர்போ கார் வாங்கினார். "ராக்கெட் மாதிரி போகும்டா!" என்று ஒரே பெருமை. 20-ஆம் நாள் ஊட்டிக்குக் கிளம்பினோம். கல்லாறு தாண்டி மலை ஏறும்போது வண்டி குலுங்கியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"புது வண்டிதானே, மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் மாமா. அத்தை விடவில்லை. ஓரமாக நிறுத்தி, ரெக்கவரி வண்டியில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம்.

மெக்கானிக் அண்ணன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தமாம். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி, இரண்டாவது சிலிண்டரில் இருந்ததோடு மாற்றிப் போட்டார். இப்போது பி0302! கோளாறும் காயிலோடு நகர்ந்துவிட்டது. நம்ம லேப் சோதனை மாதிரியே இருந்தது. வாரண்டி இருந்ததால் காயிலை இலவசமாக மாற்றினார்கள்.

"அப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆகும்ணா?" என்று கேட்டேன். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகிவிடும். அதன் விலை காயிலைப் போலப் பல மடங்காம்! மாமா முகத்தைப் பார்க்கணுமே!

நினைவில் வையுங்கள்: மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டணும். விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்தணும். வண்டி புதுசா பழசா என்பது விளக்குக்குத் தெரியாது. வீட்டிலும் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு