சர்க்கரை சீட்டில் ஒன்பது கேள்விகள்

நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட மனச்சோர்வு அதிகம் வருகிறது. மனம் சோர்ந்தால் மாத்திரை விட்டுப்போகும், நடைப்பயிற்சி நின்றுபோகும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தளரும். மன அழுத்தம் நீடிக்கும்போது சுரக்கும் கார்டிசோல் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. சர்க்கரை ஏற ஏறச் சோர்வும் கூடுகிறது. ஆனால் மருத்துவரிடம் வருபவர் மனதைப் பற்றிப் பேசுவதில்லை. "ஒரே அசதியா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல" என்பார். அந்த அசதியும் சர்க்கரைக் கணக்கில் சேர்ந்து, மருந்தின் அளவு மட்டும் கூடும். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னாலும் கூச்சத்தால் பலர் போவதில்லை.

நோயாளியை மனநல மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பதில், மனநலச் சிகிச்சையை அவர் வழக்கமாக வரும் இடத்துக்கே கொண்டுவருவதுதான் கூட்டுச் சிகிச்சை முறை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் வேய்ன் கேட்டன் இதன் முன்னோடி. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் நகரங்களின் நீரிழிவு சிகிச்சை மையங்களில் 404 பேரைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2020இல் வெளிவந்தன.

மனச்சோர்வைக் கண்டறிய ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, எதிலும் நாட்டமின்மை, கவனம், உயிரை விடும் எண்ணம் உள்ளிட்டவை பற்றிய ஒன்பது கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு 0க்கு மேல் வந்தால் கூட்டுத்தொகைக்குக் காத்திராமல் அன்றே விசாரிக்க வேண்டும்.

மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒரு ஒருங்கிணைப்பாளரே கூட்டுச் சிகிச்சையின் அச்சாணி. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று அவர் தொடர்ந்து விசாரிப்பார். நீரிழிவு மருத்துவரும் மனநல மருத்துவரும் அவருடன் உட்கார்ந்து, முன்னேற்றம் இல்லாதவர்களின் சிகிச்சையை மாற்றுவார்கள். ஒரே மனநல மருத்துவரின் அறிவு இப்படிப் பலருக்குப் போய்ச் சேருகிறது. மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள நாட்டில் இதுவே பெரிய லாபம்.

அந்த நான்கு நகரச் சோதனையில், மனச்சோர்வு அறிகுறிகள் பாதியாகவாவது தணிந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் கூட்டுச் சிகிச்சையில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். ஒருங்கிணைப்பாளரின் துணை கிடைத்ததோ முதல் 12 மாதங்கள் மட்டுமே.