ஊட்டி: சீசனும் சரக்கும்

மைசூர் வழியாகத் தென்னிந்தியச் சுற்றுப்பயணம் சென்ற நம் சங்க உறுப்பினர்கள் ஊட்டியில் இரண்டு நாட்கள் தங்கினோம். தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா எல்லாம் கண்டு களித்தோம். அவற்றைப் பற்றி எழுதப் பலர் உண்டு. வணிகர்களாகிய நாம் கடைத்தெருவைப் பார்ப்போம்.

மைசூரிலிருந்து வருவோர் கவனிக்க: பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. சரக்கு லாரி சற்றுத் தாமதித்தால் விடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஊர். அங்கே மளிகைக் கடை நடத்துவதே தனிக் கலை! தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் உறைந்தே இருக்கும். மழைக்காலத்தில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், வெல்லம் இளகும். சர்க்கரை மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குகிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். துவரம் பருப்பு சரியாக வேகவில்லை என்று சுற்றுலா வந்தவர்கள் கடைக்காரரிடம் குறை சொல்வதுண்டாம். பாவம், அவர் என்ன செய்வார்!

ஏப்ரல், மே இரண்டு மாத வியாபாரத்தை நம்பித்தான் பல கடைகளில் வருஷக் கணக்கே ஓடுகிறது. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. பஸ், உள்ளூர் வண்டிகள், விளைபொருள் வண்டிகளுக்கு அந்த வரம்பு இல்லை. இதை எதிர்த்து அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி ஏறவேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் மார்ச் மாதமே கடனுக்குக் கொள்முதல் செய்து வைத்த சில்லறை வியாபாரியின் கதி என்ன?

மார்க்கெட் பக்கம் நாங்கள் பேசிய ஒரு கடைக்காரர், "சரக்கு விற்காவிட்டாலும் ஜூனில் மொத்தக் கடைக்காரருக்குப் பணம் கொடுத்தாகணுமே, அண்ணாச்சி" என்றார். மலைக்குச் சரக்கு அனுப்பும் நம் மொத்த வியாபாரிகள் பிஸ்கட், சாக்லேட் போன்றவற்றை ஒரே தடவையில் தள்ளிவிடாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரித்து அனுப்பினால் இரு தரப்புக்கும் நல்லது. எங்கள் குழுவில் இருந்த ஒருவர் அப்போதே அதற்கு ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று: நீலகிரியில் பிளாஸ்டிக் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். சிறிய தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. கடைகளில் காகிதப் பை, துணிப் பைதான். வாங்குபவர்களும் முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை.

வர்க்கி வாங்காமல் ஊட்டியை விட்டு வர முடியுமா? 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆகவே சமவெளியில் சுட்ட வர்க்கியை 'ஊட்டி வர்க்கி' என்று எழுதி விற்பவர்கள் இனி யோசிக்க வேண்டும். தேயிலை வாங்கினால் தூளைக் கையில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். மலைக் கேரட், கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் வந்து சேரும் இடம் இது. கிழங்கு மண்டியில் ஏலம். ஊட்டிக் கிழங்கு மண் ஒட்டியபடி வருகிறது, விலையும் கூடுதல். அதே மண்டிக்குக் குஜராத், கோலார் கிழங்கும் வருகிறது. மேட்டுப்பாளையம் பில் இருப்பதால் மட்டும் அது ஊட்டிக் கிழங்கு ஆகிவிடாது. வாங்கும்போது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டு கோவை வந்து சேர்ந்தோம்.