கோடையில் பாறை ஏறப் போகும் பிள்ளைகளும் கயிற்றுக் கணக்கும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம்மவர் வீடுகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. டிக்கெட் கிடைத்தவர்கள் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயில் ஏறிவிடுகிறார்கள். கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் நான்கு நாள் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஐந்தாம் நாள் "நண்பர்களோடு மலைக்குப் போகிறேன்" என்று புறப்படுகிறார்கள். மலைக்கு இங்கே பஞ்சமில்லை. உல்லாஸ்நகரில் கொஞ்சம் உயரமான மாடியில் நின்றாலே மலங்கட் தெரியும். கர்ஜத் லோக்கலில் ஏறி உட்கார்ந்தால், பத்லாப்பூர் தாண்டி வாங்கணி வருவதற்குள் வலது பக்க ஜன்னலில் சந்தேரி கோட்டை மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.

மலைக்குப் போவது வேறு, பாறை ஏறுவது வேறு. முன்னதற்கு நல்ல செருப்பும் தண்ணீரும் போதும். பின்னதற்குக் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் ஒரு தாயார் பையோடு வந்து, "அண்ணாச்சி, பையன் சனிக்கிழமை பாறை ஏறப் போகிறானாம். புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறான். தாங்குமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பைக்குள் இருந்தது கட்டட வேலைக்குச் சாமான் தூக்கும் கயிறு. புதுசு, பளபளப்பு, விரல் மொத்தம். இரண்டு ஆளைக் கட்டித் தொங்கவிட்டாலும் அறாது. ஆனாலும் அதை நம்பி ஒரு பிள்ளையைப் பாறையில் ஏறவிடக் கூடாது என்றேன். அந்த அம்மாவுக்குக் குழப்பமாகிவிட்டது. அறாது என்கிறீர்கள், ஆகாது என்றும் சொல்கிறீர்களே என்றார். நியாயமான கேள்வி.

தொங்குவதும் விழுவதும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். 60 கிலோ எடையுள்ள பையன் 4 மீட்டர் விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கொஞ்சமும் நீளாமல், 10 சென்டிமீட்டருக்குள் அவனைச் சட்டென்று நிறுத்தினால், அவன் மேல் விழும் இழுவிசை சராசரியாக அவன் எடையைப் போல் சுமார் 40 மடங்கு. அதாவது இரண்டரை டன்னுக்குக் கிட்ட. கயிறு அறாவிட்டாலும் இடுப்பு தாங்காது. அதே விழுகையைக் கயிறு 1 மீட்டர் நீண்டு கொடுத்து நிறுத்தினால் 5 மடங்கு, 300 கிலோ. உச்சக்கட்டத்தில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றாலும் உடம்பு தாங்கும். ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிகிற இடத்தில் வெறும் சுவர் எழுப்பாமல், அமுங்கிக் கொடுக்கும் பஃபர் வைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே ஏறுவதற்கென்றே செய்த கயிறு இருக்கிறது. அதை டைனமிக் கயிறு என்பார்கள். உள்ளே நைலான் இழைகளை முறுக்கி, மேலே உறை பின்னியிருப்பார்கள். பன்னாட்டு மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. 1932 முதல் இருந்து வருகிறது. அதன் சோதனையில் 80 கிலோ எடையைக் கடுமையாக விழவிட்டுப் பார்ப்பார்கள். ஒற்றைக் கயிறு குறைந்தது 5 விழுகைகளாவது தாங்க வேண்டும். முதல் விழுகையில் இழுவிசை 12 கிலோநியூட்டனை, நம் கணக்கில் சுமார் 1,200 கிலோவை, தாண்டக் கூடாது. கயிற்றின் நுனியில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருந்தால் அது ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தத் தக்கது. ஸ்டாட்டிக் என்று இன்னொரு வகை உண்டு. அதிகம் நீளாது. இறங்குவதற்கும் சாமான் ஏற்றுவதற்கும் அது நல்லது, விழும் ஆளைப் பிடிப்பதற்கு அல்ல. கடையில் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல்தான் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோம் என்பதைவிட, அந்த விழுகைக்கு எவ்வளவு கயிறு வெளியே இருக்கிறது என்பதே முக்கியம். 4 மீட்டர் விழ 4 மீட்டர் கயிறுதான் இருந்தால் கடுமை. 20 மீட்டர் கயிறு இருந்தால் அதே 4 மீட்டர் மெத்தையில் விழுந்த மாதிரி. விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பெயர் ஃபால் ஃபேக்டர். அது 2-க்கு மேல் போகாது. 2 வந்தால் அதுவே மிக மோசமான விழுகை.

புதிதாக ஏறுகிறவர்கள் இந்தக் கணக்குக்குள் போகாமலே தப்பிக்க ஒரு வழி உண்டு. கயிறு மேலே இருக்கட்டும். விவரம் தெரிந்தவர்கள் பின்வழியாகப் பாறை உச்சிக்குப் போய் நங்கூரம் அமைத்து, அதில் கயிற்றை மாட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில், மறுமுனை கீழே நிற்கும் நண்பன் கையில். இதற்கு டாப் ரோப் என்று பெயர். கால் நழுவினால் ஒரு முழம் இறங்கித் தொங்குவான், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் ஏறினோம்.

நங்கூரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. துணி காயப்போடும் கொடியை ரொம்ப விறைப்பாகக் கட்டினால், நடுவில் ஈரப் போர்வையைப் போட்டதும் சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறதல்லவா? அதே கதைதான். இரண்டு பிடிப்புகளிலிருந்து வரும் வார்கள் சேரும் இடத்தில் கோணம் 60 டிகிரி என்றால், 100 கிலோ பாரத்தில் ஒவ்வொன்றும் 58 கிலோ சுமக்கும். 120 டிகிரியானால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோ. 150 டிகிரிக்குப் போனால் 193 கிலோ! இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறோமே என்ற தைரியம் இங்கே உதவாது. கோணம் குறுகலாக இருக்க வேண்டும்.

இனி பாறை. நம் ஊர்ப் பாறையும் இந்த ஊர்ப் பாறையும் வேறு வேறு ஜாதி. மதுரை யானைமலையையும் திருப்பரங்குன்றத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாறை என்றால் வழவழவென்று ஒரே கட்டியாக யானை முதுகு போல இருப்பது. இங்கே இருப்பது எரிமலைக் குழம்பு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து, குழம்பு அடுக்கு அடுக்காக வழிந்து உறைந்தது. இன்று எஞ்சியிருப்பது மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். இதை டெக்கான் டிராப் என்கிறார்கள். டிராப் என்ற சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளில் படிக்கட்டு என்று பொருள். மலங்கட்டை உற்றுப் பாருங்கள், படிக்கட்டுத்தான்.

ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். மேல்பகுதி காற்றுக் குமிழிகளால் துளை துளையாகி, பலவீனமாக இருக்கும். அந்தத் துளைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிகங்கள் வளர்ந்திருக்கும். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவது அதைத்தான். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே சில இடங்களில் செங்காவி மண் பட்டையாகத் தெரியும். அந்த இடம் உதிரும். பிடிக்க விளிம்புகள் ஏராளம், ஆனால் எது கையோடு வரும் என்று சொல்ல முடியாது. யானைமலையில் பிடி கிடைக்காதது கஷ்டம், இங்கே கிடைத்த பிடியை நம்ப முடியாதது கஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்கும் வித்தையை நான் கற்றது ரயில்வேயில். போர்காட் மலைப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. 37 அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தப் பாதையில், ஒவ்வொரு கோடையிலும் மழைக்கு முன்பாக ஹில் கேங் ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, ஆடும் பாறைகளைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவார்கள். தள்ளுவதற்கு முன் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டிப் பாறை 'டங்' என்று பதில் சொல்லும், விட்ட பாறை 'டொப்' என்று கேட்கும். வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அதே முறை. ஏறுகிறவனும் எடையைப் போடுமுன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தலையில் ஹெல்மெட் இல்லாமல் பாறைக்கு அடியில் நிற்கவே கூடாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது, ஏறுவதற்கென்று தனியாக இருக்கிறது.

1980-களில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போவோம். இரண்டு மராத்திக்காரர்கள், ஒரு சிந்தி, ஒரு மலையாளி, நான். கயிற்றில் எங்கள் பொது மொழி மராத்தி. கல் உருண்டால் "தகட்!" என்று கத்த வேண்டும், தகட் என்றால் கல். இதை மட்டும் யாரும் தம் தாய்மொழியில் கத்தக் கூடாது என்பது எங்கள் சட்டம். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் மாற்றிக்கொள்ளாமல் வண்டியை விடுவதில்லையே, அதுபோல "பிடித்திருக்கிறாயா?" "பிடித்திருக்கிறேன்" என்று இரண்டு பேரும் சொல்லாமல் கால் தரையை விட்டுக் கிளம்பாது.

கோடையில் முதல் எதிரி வெயில். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 19 டிகிரியில். மே மாதம் நடுவில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வாரங்களில் எந்தப் பாறைச் சுவருக்கும் நடுப்பகலில் நிழல் கிடையாது. ஆகவே விடியற்கால லோக்கலில் போய், மேற்குப் பார்த்த பாறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதில் காலை முழுக்க நிழல். பத்தரை பதினொன்றுக்குக் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டும். கறுப்புப் பாறை சூடு ஏறினால் கை வேர்க்கும், வேர்த்த கை வழுக்கும். மக்னீசியம் கார்பனேட் பொடி தடவுவது அதற்குத்தான், ஆனால் மே மாத மதியத்தில் எந்தப் பொடியும் எடுபடாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்தது கொஞ்சம். மலைமேல் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும், மே மாதத்தில் நம்பாதீர்கள்.

இரண்டாவது எதிரி மலைத்தேனீ. பாறைத் தொங்கலுக்கு அடியில் கறுப்புப் பாய் தொங்குவது போல அடை கட்டும். கூச்சல், புகை, சென்ட் வாசனை எதுவும் அதற்குப் பிடிக்காது. தரையில் இருப்பவன் ஓடிவிடலாம், கயிற்றில் தொங்குபவன் எங்கே ஓடுவான்? பாறையடியில் குடியிருக்கும் தாக்கர், காத்கரி மக்களிடம் முதலில் போய் விசாரிப்பதுதான் ஒரே வழி. எந்தப் பக்கம் அடை இருக்கிறது என்பது அவர்களுக்கு விரல் நுனியில். திரும்பும்போது அவர்களிடமே நுங்கும் களாப்பழமும் வாங்கலாம். இங்கே நுங்குக்குத் தாட்கோளா என்று பெயர். வெட்டிக் கொடுக்கும் நேர்த்தி தூத்துக்குடிக்குக் குறைந்ததல்ல.

யாரோடு அனுப்புவது? இதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மும்பையில் கிரிவிஹார் என்ற மலையேற்றக் கழகம் 1954 முதல் இயங்கி வருகிறது. பேலாப்பூர்ப் பாறைகளில் இளைஞர்களைப் பழக்கி, போட்டிகள் நடத்தி, 2016-இலும் 2017-இலும் நவி மும்பைக்கு உலகக் கோப்பைப் பாறையேற்றப் போட்டியையே கொண்டுவந்தவர்கள். ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு சேர்ந்துவிட்டது. 2021-இல் நடந்த டோக்கியோ போட்டிதான் முதல். ஆகவே "வேலையற்ற வேலை" என்று பிள்ளைகளைத் திட்ட வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். அந்தத் தெருப் பையனும் கட்டடக் கயிற்றை மாடித் தண்ணீர் டிரம்முக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். கையெல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கியதும் பாறை பாசி பிடித்துவிடும், இடுக்குகளில் நீர் புகுந்து கல் விடும். அத்தோடு அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. நல்ல கயிறு வாங்கியவர்கள் அதை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு அலமாரியில் வைக்கவும். நம் வீடுகளில் பரணுக்குப் போகும் சாமான் எல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேரும். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டாலே நைலான் இழை உள்ளுக்குள் கெட்டுவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது.